பெயர்ப்பலகையின் கடைசி வரி

பேரன்பும் பெருமதிப்பும் பெற்று, இப்பள்ளியின் பொறுப்பை இன்று ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே...

சிரிக்காதீர்கள். அம்மா, மன்னித்துவிடுங்கள். பிழை என்னுடையது பாதி, இந்தத் தாளுடையது பாதி. இரண்டு ஆண்டுகளில் நான்கு தலைமையாசிரியர்களை வரவேற்ற தாள் இது. மடித்த இடமெல்லாம் நைந்துவிட்டது. உங்களுக்கு முன் வந்த மூவரும் ஐயாக்கள். நேற்றே என் மனைவி சொன்னாள்: "ஐயாவை அடிச்சிட்டு அம்மான்னு எழுதிக்குங்க." நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் மேடையில தானா வாயில வந்துடும்." வந்ததைத்தான் எல்லாரும் கேட்டீர்களே.

முதலிலிருந்து வருகிறேன். தலைமையாசிரியர் அம்மா அவர்களே, கடையை அரை நாள் பூட்டிவிட்டு இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே, என் பேச்சை நான்காம் முறையாகக் கேட்கும் பொறுமை மிக்க பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர்க்கும் பெற்றோர் சங்கத் தலைவன் என்ற முறையில் என் வணக்கம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் கணக்கில் இரண்டு முறை. தொழில், சுவருக்கும் பலகைக்கும் பெயிண்ட் அடிப்பது. தலைமையாசிரியர் அறையில், நாற்காலிக்குப் பின்னால், "பணியாற்றிய தலைமையாசிரியர்கள்" என்றொரு கறுப்புப் பலகை தொங்குகிறதே, அதில் பெயர் எழுதுகிறவன் நான்தான். யார் வந்தாலும் பெயர், வந்த தேதி; போனால் போன தேதி. கூலி கிடையாது, தேநீர் உண்டு.

இருபது வரி போட்ட பலகை அது. முதல் நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர்? ஏழே பேர். ஒன்பது ஆண்டு இருந்தவர் உண்டு. அவர் மாடிப்படியில் ஏறும் செருப்புச் சத்தத்திலேயே வகுப்புகள் அடங்குமாம். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பேர்? பன்னிரண்டு. ஒருவருடைய செருப்பாவது நம் பிள்ளைகளுக்குப் பழகியிருக்குமா? ஒரு பெயரின் பெயிண்ட் காய்வதற்குள் அடுத்த பெயருக்கு ஆள் வந்து நிற்கிறதே, இது பள்ளியா, பேருந்து நிலையமா?

என் மனைவி கேட்டாள்: "அந்தப் பள்ளிக்கூடத்துல நிரந்தரமா இருக்கிறது நீங்க மட்டும்தானே, உங்களையே தலைமையாசிரியரா போட்டா என்ன?" கணக்கில் இரண்டு முறை போனதை நினைவூட்டினேன். விட்டுவிட்டாள்.

என்ன அண்ணே, பின்னாலிருந்து? "பேச்சைச் சுருக்குங்க" என்கிறீர்களா? நிதியைத்தான் சுருக்கினார்கள், ஆசிரியரைத்தான் சுருக்கினார்கள், என் பேச்சையாவது விட்டுவையுங்கள் தையல்கார அண்ணே. இதோ, விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடத்தை நிரப்ப நிதி ஒதுக்கீடு இல்லை என்று தாள் வந்தது. பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள். இயற்பியல் நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாத பிரிவை மூடி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேருந்து மாறிப் போகும் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்க்காமல் இருக்க வேண்டுமென்றால் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் மேலே போக வேண்டும். ஒரே ஒரு கடிதம். இந்த மாதக் கடைசிதான் கெடு.

முதல் ஐயாவிடம் கேட்டேன். "எழுதிடறேன், கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். மாறுதலில் போனார். இரண்டாமவர் நல்ல மனிதர். "முழு ஃபைலையும் படிச்சுட்டு எழுதறேன்" என்றார். படித்து முடித்த அன்று பதவி உயர்வு வந்தது. மூன்றாமவர் இன்னொரு பள்ளியையும் சேர்த்துப் பார்த்தவர். "நான் வெறும் பொறுப்புதாங்க. நிரந்தரமா ஒருத்தர் வரட்டும்" என்றார். மூவர் மீதும் எனக்குக் கோபமில்லை. கோபப்படும் அளவுக்கு யார் இருந்தார்கள்?

போன வாரம் என் மகள் என்னிடம் சொன்னாள். "அப்பா, ரெண்டு பஸ் மாறிப் போக உங்களுக்கும் கட்டாது, எனக்கும் முடியாது. நான் படிப்பை விட்டு நின்னுக்கறேன்." அழவில்லை. "கடையில காய் தீந்துபோச்சு" என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் தாய்மார்களே, எனக்குத் தாங்கவில்லை. பதினாறு வயதில் அந்தச் சலிப்பு வரலாமா? அலுத்துப்போவது அப்பன்மார் வேலையல்லவா? அதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோமா?

அம்மா அவர்களே, வேண்டுவது விரிவான திட்டமல்ல, விளக்கேற்றும் விழாவல்ல. ஒரு கடிதம். எழுதுங்கள், கையெழுத்திடுங்கள், அனுப்புங்கள், அனுப்பிய பிறகு எங்கே வேண்டுமானாலும் மாறிப் போங்கள். இங்கே கைதட்டும் இத்தனை கைகளும் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு உங்களோடு நடந்து வரும். தையல்கார அண்ணே, வருவீர்கள்தானே? "வர்றேன், நீங்க பேசாம வந்தா" என்கிறார். சரி, பேசாமல் வருகிறேன்.

பலகையில் மிச்சமிருந்தது கடைசி வரி ஒன்றுதான். புதுப் பலகைக்கும் நிதி இல்லை என்றார்கள். இன்று காலை அந்த வரியில் உங்கள் பெயரை எழுதினேன். "எழுத்து அழகா இருக்குங்க" என்று பாராட்டினீர்கள், கையும் நீட்டினீர்கள். "ஈரம்மா, தொடாதீங்க" என்று தடுத்தேன். அந்த வரி உங்களுடையது. அதை யாரும் அழிக்காதபடி நீங்கள்தான் செய்ய வேண்டும்.

உட்கார்ந்து கேட்டவர்களுக்கும், நின்று கேட்டவர்களுக்கும், மைக்கை இன்னும் அணைக்காமல் வைத்திருக்கும் தம்பிக்கும் நன்றி கூறி, இந்தத் தாளை ஐந்தாம் முறை பிரிக்கும் நிலை எனக்கு வராதிருக்கட்டும் என்று வேண்டி அமர்கிறேன். வணக்கம்.

(மேடையில் சொல்லாமல், தாளின் பின்புறம் எழுதி மடித்து வைத்துக்கொண்டது: அம்மா, ஈரம் என்று சொன்னது பொய். அது பெயிண்ட் இல்லை, சாக்பீஸ்.)