முள்ளுல நிக்கிற மீனு

அப்படி வீசக் கூடாது தம்பி. இன்னா, கிரிக்கெட் பந்தா எறியற? வீசினா முள்ளுல போயி மாட்டிக்கும். தோ, மாட்டிக்கிச்சா. இழுக்காத, அறுந்துடும். அறுந்துடுச்சி. பரவாயில்ல, தூண்டில் நரம்பு என்னாண்ட வேணும்ற அளவு இருக்குது. குடு, முடிஞ்சு தரேன். ஓ, நீயே முடிஞ்சிட்டியா? காட்டு.

யாரு கத்துக் குடுத்தாங்க இந்த முடிச்ச? உங்கப்பாவா. சரி, சரி. ஒண்ணுமில்ல, சொம்மா கேட்டேன். புழுவக் கோத்துப் போடு.

நேரா எறக்கணும். தண்ணிக்கு மேல ஒரு கருப்புக் குச்சி தெரியுதில்ல, அதுக்குக் கீழ ஒரு மாட்டு வண்டி அளவுக்கு வேலிகாத்தான் முள்ளு கெடக்குது. ஜிலேபி கெண்டை அதுக்குள்ளதான் நிக்கும். வெயில் ஏற ஏற நெழலுக்கு வந்துடும். கழிய நீட்டி, தக்கை அந்தக் குச்சி ஓரமா நிக்கிற மாதிரி வுடு. அவ்ளோதான். காலங்காத்தால வந்தியானா மதகாண்ட போயி ஒக்காரணும். உங்கப்பா பரிசல் கட்டறதுக்கு நாலு கல்லுக்காலு நட்டு பலகை போட்டாரே, அதுக்கு அடியில நிக்கும். ஒம்போது மணிக்கு மேல இங்க. இந்த மாதிரி முள்ளு மொத்தம் ஆறு எடத்துல கெடக்குது. ஆறும் எனக்குத் தெரியும். எவனுக்கும் காட்டினதில்ல.

மாமான்னு கூப்புடாத. அந்த ஸ்டேஜ் இன்னும் வரல. சார்னு கூப்புடு. தோழர்னு கூப்புடலாம், அதுக்கு உன் வயசு பத்தாது.

எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதாப்பா? ராணிப்பேட்டை கம்பெனியில லீவு போட்டுட்டு ஒருத்தன் ஜிலேபி புடிக்கவா வருவான்? காவ்யா நேத்தே சொல்லிடிச்சி. கோபிநாத் வந்து பேசுவாரு, நீ மேடையில பேசற மாதிரி பேசாதப்பான்னு. பெத்த பொண்ணு எனக்குச் சொல்ற புத்திமதி. சரி, கேளு. கேக்கறதுக்கு இன்னா. பொண்ணக் குடுக்கறதா இல்லையான்னு நான்தான சொல்லணும், அது வரைக்கும் தக்கையப் பாரு.

மொதல்ல உங்கப்பா இன்னா சொன்னாரு? என் பேரச் சொல்லி, சம்பந்தம் சரின்னா எனக்கும் சரின்னாரா. வேற ஒண்ணும் சொல்லலையா? அவனான்னு கேக்கலையா? காறித் துப்பலையா?

அதான் பேஜாரா இருக்குது. அந்தாளு முடியாதுன்னு சொல்லியிருந்தா எனக்கு சுலபமா பூட்டிருக்கும்.

ஜாதிக்காகப் பாக்கறேன்னு நெனைக்காத. ஜாதி மாறிக் கட்டிக்கணும்னு எழுதி எத்தினி நோட்டீஸ் போட்டேன்னு எனக்கே கணக்கில்ல. காவ்யா அதுல ரெண்ட எடுத்தாந்து என் சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வச்சிட்டுப் போவுது. சொம்மா வச்சிட்டுப் போவுது.

தொண்ணூத்தி ஏழுல உனக்கு இன்னா வயசு? பதினஞ்சா. அப்ப ஞாபகம் இருக்கும். பட்டு நூல் வெலை ஏறி டவுன்ல பாதி தறி நின்னு போச்சி. தறி நின்னவன் வூட்டுல கொழம்பு கொதிச்சா அது இந்த ஏரி மீனுதான். அந்த வருசம் பாத்து உங்கப்பா ஏரியக் குத்தகைக்கு எடுத்தாரு. தூண்டில் போடக் கூடாதுன்னு போர்டு வச்சாரு. போட்டவன் கழியப் புடுங்கி ஒடிச்சாரு. என் கழியும்தான். முழங்கால்ல வச்சி, அத்தினி பேர் எதிர்ல, ரெண்டா.

நான் படிச்சது அஞ்சாவது. மிச்சம் பூரா நோட்டீஸ்ல படிச்சது. படிச்சேன், அப்பால எழுதினேன். சங்கத்துக்காக வேலூர் ஜெயில்ல எல்லாமா சேத்து நாப்பது நாளு இருந்திருக்கேன். என் கூடக் கொடி புடிச்சவன்ல பாதிப் பேரு இன்னிக்கு பவர்லூம் வச்சிகினு, என்னப் பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறான். போவட்டும். நான் மாறல. சட்டையும் மாறல, பாரு காலர.

உங்கப்பா பேர்ல ரோஸ் தாள்ல அடிச்சேன் ஒரு நோட்டீஸு. தனக்கோடியே, இந்த ஏரி உன் பாட்டன் வெட்டியதா, அப்படின்னு. உங்க வூட்டுக் கதவுலயே ஒட்டினேன். நீயா கிழிச்ச? படிச்சிட்டா கிழிச்ச? அது போதும்.

பங்குனி கடைசியில வலை வுட்டாரு. வலை ஏறி வரும்போது மீனக் காணோம், வலையையும் பாதி காணோம். கந்தலா வந்துச்சி. ரெண்டாவது வலையும் அப்படியே. மூணாவது வலைக்கு ஆளுங்க எறங்க மாட்டேன்னுட்டாங்க, அடியில இன்னாவோ இருக்குதுன்னு. உங்கப்பா வேட்டிய மடிச்சிக் கட்டிகினு தானே முழுகினாரு. ரொம்ப நேரம் முழுகி முழுகிப் பாத்தாரு. மேல வரும்போது கையி, நெஞ்சி, முதுகு எல்லாம் கீறல். கரையில நாங்க நூறு பேரு நின்னுகினு வேடிக்கை பாத்தோம்.

கேஸ் குடுப்பாருன்னு நெனைச்சேன். மாத்துத் துணி ஒரு பையில எடுத்து வச்சிகினு ரெடியா ஒக்காந்திருந்தேன். மூணு நாளு ஆச்சி, போலீஸ் வரல. ஐப்பசி வெள்ளத்துல கரையோர முள்ளு பேத்துகினு வந்துடுச்சின்னு உங்கப்பாவே சொன்னதா டவுன்ல பேசிகினாங்க. நான் வுடுவேனா? அடுத்த நோட்டீஸு: ஏரியே எழுந்தது, இயற்கையே போராடியது. அதுக்கு வந்த கைத்தட்டு மாதிரி எதுக்கும் வந்ததில்ல. மறு வருசம் ஏலத்துக்கு உங்கப்பா வரல. இந்த ஏரிப் பக்கமே வரல. போர்டப் புடுங்கி மேள தாளத்தோட ஊர்வலம் போனோம். இன்னிக்கும் மே தினத்துக்கு என்ன மேடையில ஏத்தினா, அந்த ஏரிக் கதைய சொல்லு தோழரேன்றானுங்க. கூலி கேட்டோம், வரல. வீடு கேட்டோம், வரல. என் ஆயுசுல முழுசா ஜெயிச்ச போராட்டம் அது ஒண்ணுதான் தம்பி.

இரு, தக்கை ஆடுது. இழுக்காத. சின்னது, சொம்மா கடிச்சிப் பாக்குது. பெருசு வந்தா ஆடாது, நேரா எறங்கும்.

அந்த முடிச்ச இன்னொரு வாட்டி காட்டு.

தோ பாரு, இது மீன் புடிக்கிறவன் போடற முடிச்சு இல்ல. தறியில இழை அறுந்தா நாங்க போடறது. தட்டையா ஒக்காரும், அச்சுல மாட்டாம போவும். களம்பூர்ல நெல்லு யாவாரம் பண்ற மனுசனுக்கு இது எப்படித் தெரியும்? உனக்கு எப்ப சொல்லிக் குடுத்தாரு?

அந்த முழுப் பரீட்சை லீவுலயா. கீறல் கூட ஆறாம, வாசல்ல ஒக்காந்து, ஒரு நைலான் கயிறு துண்ட அவுத்து அவுத்து முடிஞ்சிகினு இருந்தாரா. யாரு கத்துக் குடுத்தாங்கன்னு நீ கேட்டதுக்கு, ஏரியில கத்துக்கினேன்னாரா.

சரி.

அந்தக் கயிறு என்னுது தம்பி. வெள்ளமும் இல்ல, இயற்கையும் இல்ல. மத்தியானம் காவக்காரன் சாப்டுட்டுத் தூங்கற நேரமா பாத்து, நாலு நாளு, தனி ஆளா முள்ள வெட்டிக் கட்டி, கல்லு வச்சி எறக்கினேன். சங்கத்துக்குத் தெரியாது. வூட்டுக்குத் தெரியாது. கயிறு துண்டு துண்டா இருந்துச்சி, ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சேன். யோசிக்கவே இல்ல. முப்பது வருசமா இழை முடிஞ்ச கை, அதுவா போட்டுடுச்சி. ஏரியே எழுந்ததுன்னு எழுதிப் பதுங்கினவன், முள்ளுக் கட்டுக்குக் கட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். இந்த டவுன்ல கைக்கொழந்தைக்குக் கூடத் தெரியும், இது தறிக்காரன் முடிச்சின்னு. உங்கப்பா தண்ணிக்குள்ள கைய வச்சப்பவே தெரிஞ்சிருக்கும். அவரு கதவுல நோட்டீஸ் ஒட்டின தறிக்காரன் நான் ஒருத்தன்தான?

ஒம்போது வருசம். அந்தத் துண்டக் கொண்டாந்து கடைத்தெருவுல தூக்கிக் காட்டியிருந்தா என் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்பவும் பாரு, சம்பந்தம் சரின்னா சரின்றாரு.

காவ்யாவுக்கு நானே சொல்லிக்கிறேன். சங்கத்துக்கு மே தினத்துல சொல்றேன், அதே மேடையில. நோட்டீஸும் போட்டுடலாம், ரோஸ் தாளு மிச்சம் இருக்குது.

எறங்குது பாரு, நேரா எறங்குது. இப்ப தூக்கு. மெதுவா, முள்ளு பக்கம் வுடாத. அரைக் கிலோ தேறும்.

இன்னா, இப்ப மாமான்னு கூப்புடலாமாவா? உங்கப்பா என்ன உள்ள வான்னு சொல்றாரான்னு பாத்துட்டுக் கூப்புடு. இன்னும் ரெண்டு மீனு வரட்டும், அப்பால உன் வண்டிய எடு, நானும் வரேன். அந்த முள்ளுல வளந்த மீன டவுன் பூரா தின்னாச்சி. அவருதான் ஒண்ணு கூடத் தின்னதில்ல.