அத்தைக்குப் பதிலாக உட்கார்ந்தவள்

— என்னை உட்கார வெக்கிறதுக்கு முன்னாடி இவளை உட்கார வெச்சுப் பாரு, இவாசே. உன் மரப்பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியணும்.

— பெட்டின்னு சொல்லாதீங்க, தோக்கு அம்மா. செர்ரி மரத்தை நானே பாத்து வாங்கி, நானே இழைச்சு, மூலைக்கு மூலை பித்தளை அடிச்சுப் பண்ணின கேமரா. இந்த யோகோத்தே ஊருல பாதி வீட்டுல, செத்தப்புறம் மாட்டுறதுக்குன்னு உசுரோட இருக்கிறப்பவே எடுத்து வெக்கிற படம் இதுல எடுத்ததுதான்.

— பெருமை இருக்கட்டும். அடியே சயோ, போய் உட்காரு. மசமசன்னு நிக்காத.

— நானா அத்தை? உங்க படம் எடுக்கத்தான வந்தோம்?

— உன்னை வெச்சு வெளிச்சம் பாக்குறான். மாமியாருக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தா தேஞ்சு போயிடுவியா?

— இதுக்குத்தான் காலையிலயே நல்ல கிமோனோவைக் கட்டச் சொன்னீங்களா?

— கிழிசலோட என்கூட நடந்து வந்தா ஊரு யாரைச் சொல்லும்? என்னைத்தான சொல்லும்.

— சண்டையை வீட்டுல போய்ப் போட்டுக்குங்க. இப்படித் திரும்பும்மா சயோ, ஜன்னல் பக்கம். தாடையைக் கொஞ்சம் இறக்கு. பாரு, நான் கேமராவோட கருப்புத் துணிக்குள்ள போறேன்.

— உள்ள போயி என்ன பண்ணுவீங்க இவாசே ஐயா? தூங்கிட மாட்டீங்களே?

— பின்பக்கம் சொரசொரன்னு ஒரு கண்ணாடி இருக்கு. அதுல நீ தலைகீழாத் தெரியுற.

— அத்தை கண்ணுக்கும் நான் எப்பவும் அப்படித்தான் தெரியுறேன்.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வயிறு திறக்காதவளுக்கு வாயாவது திறக்குதே.

— விடுங்க தோக்கு அம்மா. அவ முகம் சுண்டிப் போச்சுன்னா எனக்குத்தான் சிரமம். ஆமா, உங்க தங்கச்சி மகன் டோக்கியோவுல சின்ன கேமரா வாங்கியிருக்கானாமே. அவன் எடுத்துத் தந்திருப்பானே?

— எடுத்தான், எடுத்தான். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எடுத்துட்டான். அதுல நான் எவனோ கூப்பிட்டுத் திரும்பிப் பாத்த மாதிரி இருக்கேன். முன்னோர் மாடத்துக்கு மேல மாட்டுற படம் அப்படியா இருக்கும்?

— அதான் விஷயம். அவன் கேமரா முகத்தைத் திருடிட்டு ஓடும். இது உட்கார்ந்து காத்திருக்கும். அசையாம இருக்கணும்னு சொன்ன உடனே எல்லாரும் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்குவாங்க. கொஞ்ச நேரத்துல அலுத்துப் போயி அது தானாக் கழண்டு விழும். அப்போ உள்ள இருக்கிற ஆளு வெளிய வரும் பாருங்க. அதுக்காகத்தான் நான் இந்த மரத்தைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன்.

— தொட்டுப் பாக்கட்டுமா ஐயா?

— பாரு, பாரு. எட்டுதா?

— எவ்வளவு வழவழன்னு இருக்கு. மரம்னே தோணல, உசுரு இருக்கிற மாதிரி இருக்கு. இந்த மடிப்பு மடிப்பா இருக்கிறது?

— கன்னுக்குட்டித் தோல். இழுத்தா நீளும், தள்ளினா சுருங்கும். சரி, சாஞ்சுக்கோ. உள்ள போறேன்... சயோ, கண்ணு ஏதும் உறுத்துதா?

— இல்லையே. ஏன்?

— மஞ்சளாத் தெரியுதே.

— அத்தை போட்ட முள்ளங்கி ஊறுகாயை அள்ளித் தின்னேன். அதுவா இருக்கும்.

— ஜன்னல் வெளிச்சம் அப்படி விழுது. நீ வைத்தியம் பாக்காத இவாசே, படத்தை எடு.

— எடுக்கவா? வெளிச்சம் பாக்கத்தான்னு சொன்னீங்க. படம் பதியுற தகடு ஒண்ணு வீணாயிடும்.

— வீணானா என்கிட்ட கேளு. எடுத்துப் பாத்தாத்தான தெரியும்.

— அத்தை, சீக்கிரம் முடிஞ்சா நல்லாயிருக்கும். முதுகு பிடிச்சு இழுக்குது. ராத்திரியெல்லாம் இப்படித்தான்.

— வேலைன்னு வந்தா உனக்கு முதுகு, சோறுன்னு வந்தா வயிறு. ஆடாம இரு.

— சிரிக்கலாமா ஐயா?

— பல்லு தெரிய வேணாம். மனசுக்குள்ள எதையாவது நினைச்சுக்கோ. பனி உருகினதும் என்ன பண்ணப் போற?

— அவரு கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னாரு. கல்யாணமான புதுசுல நான் கேட்டது. நானே மறந்துட்டேன். போன வாரம் அவராவே வந்து சொல்றாரு, முகத்தைக்கூடக் காட்டாம, சுவத்தைப் பாத்துக்கிட்டு. இந்த வயசுல என்ன வெக்கமோ.

— நல்லது. அந்தக் கடலையே நினைச்சுக்கோ. என் கையைப் பாரு. மூச்சை விடாத. அப்படியே... அப்படியே... ஆச்சு.

— ஆச்சா?

— ஆச்சும்மா. பாருங்க தோக்கு அம்மா, எத்தனையோ பேரை எடுத்திருக்கேன், இப்படி ஒரு முகம் எப்பவாவதுதான் வரும். எழுந்திரு சயோ. இனி நீங்க வாங்க.

— இரு. சயோ, நீ போயி பஸ்ஸு வருதான்னு பாரு.

— உங்களுக்கு எடுத்து முடிக்கட்டுமே அத்தை. காலரைச் சரி பண்ணி விட ஆள் வேணாமா?

— போன்னா போ.

— சரி. இந்தத் துண்டைக் கழுத்துல சுத்திக்குங்க. படம் எடுக்கிறப்போ மட்டும் கழட்டுங்க, உங்களுக்கு இருமல் வந்துடும்.

— ...போயிட்டாளா?

— கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. வாங்க, இப்படி உட்காருங்க.

— எனக்கு ஒண்ணும் வேணாம். அவளோடதைப் பெருசாப் போட்டு, கருப்புச் சட்டம் அடிச்சு வை.

— என்ன பேச்சு இது?

— அவ வயித்துக்குள்ள கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில என்னையும் என் மகனையும் மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. இலை உதிர்ற காலத்தை அவ பாக்க மாட்டாளாம்.

— ஐயோ. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?

— சொன்னா படுத்துக்குவா. நாத்து நட்டு முடியட்டும், இந்த வருஷம் வயலுக்கு வேற ஆளு கிடைக்கல.