பெட்டிக்குள் இருந்த முனவ்வறா

நான் ஒற்றை விரலால் தட்டச்சு செய்பவன். அதனால்தான் இந்த விளக்கக் கடிதம் சட்டத்தரணிகள் மீதான உங்கள் விசாரணைக் குழுவுக்கு வந்துசேரத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும்.

கட்சிக்காரரின் தகவல்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுத்தேன். முறைப்பாடு செய்தவரின் பெயரை நீங்கள் மறைத்திருந்தாலும் அது என் மகள் நதீரா என்று தெரியும். அந்தச் செயலி அவளுடைய கணக்கில்தான் ஓடுகிறது. கல்முனையில் நான் தட்டியதையெல்லாம் கொழும்பில் அவள் வாசித்திருக்கிறாள். அவள்மீது எனக்கு வருத்தமில்லை.

வழக்கு சிறியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய பஸால் என்பவரை, அவர் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே ஒரு டிப்பர் லொறி அடித்துக் கொன்றது. டிப்பர் என் கட்சிக்காரர் ஜவுபருடையது. ஓட்டியது கூலிச் சாரதி, அவன் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டான் என்று அவர் சொன்னார். சாரதி ஆசனத்திலிருந்து ஜவுபரே இறங்கியதை வாசல் கேற்றடியில் நின்று கண்டதாகப் பஸாலின் மனைவி முனவ்வறா சொன்னாள். வேறு சாட்சியில்லை. அவள் சொல் நின்றால் ஜவுபர் சிறைக்கு, விழுந்தால் வீட்டுக்கு.

குறுக்கு விசாரணைக்காக அவளுடைய வாக்குமூலத்தையும் வீதியின் வரைபடத்தையும் இயந்திரத்துக்குக் கொடுத்து, முனவ்வறாவாகப் பதில் சொல் என்றேன். இரண்டு வாரங்கள் கேட்டேன். தூரம், வெளிச்சம், எந்தக் கதவு திறந்தது. எதிலும் அவள் தடுமாறவில்லை. கணினிக்கு முன்னால் என் பக்கத்துக் கதிரையில் இருந்த ஜவுபருக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"இவள் பொட்டிக்குள்ளயும் வாய்க்காரிதான் சேர். வேற ஏதும் கேளுங்க."

பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் வேறொரு கேள்வி இருந்தது. இத்தாவில் இருப்பதால் நிலையத்துக்கு வர முடியாது என்று சொல்லி, வீட்டில் வைத்தே பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தவள் முனவ்வறா. கணவன் இறந்த பெண் வீட்டோடு இருக்கவேண்டிய அந்த நாலு மாதம் பத்து நாளில், ஒரு நாள் அவள் பஸ் ஏறிக் கல்முனைக்கு வந்திருந்தாள். இது எனக்குத் தெரியும். அதை மட்டும் இயந்திரத்திடம் சொல்லி, இத்தாவில் வெளியே போனீர்களா என்று கேட்டேன்.

"ஓம், போனேன். எனக்கு அவசரத் தேவை இருந்தது" என்றாள் பெட்டிக்குள் இருந்த முனவ்வறா.

பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னாள். தேவைக்காகப் பகலில் வெளியே போவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள், ஆகவே சாட்சி ஒளிக்கமாட்டார், இக்கேள்வியால் உங்களுக்குப் பயனில்லை என்று இயந்திரம் குறிப்பும் எழுதியது. அது சரியான குறிப்பு. நான் அதற்குத் திருத்தம் எழுதினேன்: "அவள் இல்லையென்றுதான் சொல்வாள்." எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று கேட்டது. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

அதற்குச் சட்டம் தெரியும், எங்களுடைய ஊர் தெரியாது. வழக்குத் தவணையன்று முன்வரிசை வாங்கில் முனவ்வறாவின் காக்கா, அவளுடைய அண்ணன் சரீப், இருந்தார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்கள் இருவரும் இருந்தார்கள். அவர்கள் வருவதை நான் முன்கூட்டியே உறுதிசெய்திருந்தேன்.

"இத்தா முடியிற வரைக்கும் நீங்க வீட்டவிட்டு வெளியே போகவே இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல சேர்."

படத்தைக் கொடுத்தேன். என் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள இரும்புக் கடையின் கமெராவில் விழுந்தது. திகதி தெளிவு, முகமும் தெளிவு. ஜவுபரின் வழக்கை எடுத்த வாரமே அதைப் பிரதியெடுத்து வைத்திருந்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது. என் பெயர்ப்பலகை விழுந்த பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தேன்.

சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லும் சாட்சியை நம்ப முடியாதென்று நீதவான் தீர்மானித்தார். ஜவுபர் வீட்டுக்குப் போனார். வெளியே வாகைமரத்தடியில் சரீப் தங்கையை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போன நீ? யாரிட்ட போன? வாயத் தொறந்து செல்லு. மௌத்தாப் போனவன்ட மானத்தையும் சேத்து வித்துட்டியே!"

அவள் வாயைத் திறக்கவில்லை. பஸாலின் வீட்டார் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம்.

அவள் வந்தது என்னிடம்தான். வழக்கை அமுக்கிவிடுவார்கள் போலிருக்கிறது, வீட்டில் யாரும் அசைகிறார்களில்லை, எனக்காக நீங்கள் நீதிமன்றத்தில் நிற்கவேண்டும் காக்கா என்று கேட்டு வந்தாள். முழுவதையும் சொன்னாள். ஜவுபரின் சட்டை நிறம்கூடச் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்தபோது நல்லெண்ணத்தில் ஒரு புத்தியும் சொன்னேன்.

"இத்தாவில இஞ்ச வந்த கதைய ஒருத்தரிட்டயும் செல்லிராதீங்க புள்ள. சனம் பொல்லாதது. நானும் செல்ல மாட்டன்."

"அல்லாஹ் மேல சத்தியமா செல்ல மாட்டன் காக்கா" என்றாள்.

மறுநாள் ஜவுபர் வந்தார்.

நீதிமன்றத்தில் அவள் செய்த சத்தியம் இரண்டாவது. முதலாவதை அவள் காப்பாற்றுவாள் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்தவளுக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை.

ஆகவே, கட்சிக்காரரின் இரகசியத்தை வெளியிட்டேன் என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முனவ்வறா என்னிடம் வந்ததை நீதவானுக்கோ, ஜவுபருக்கோ, அந்த இயந்திரத்துக்கோ நான் இன்றுவரை சொன்னதில்லை. நம்பி வந்தவர்களின் இரகசியத்தைக் காப்பதில் முப்பது வருடமாக என்மீது ஒருவரும் குறை சொன்னது கிடையாது.