வாசித்ததாக வைத்துக்கொள்வோம்

பிரம்மநாயகம்: ஏட்டி, வார்டு கமிட்டி பதினோரு மணிக்குத்தான? எட்டு மணிக்கே சேலையக் கட்டிட்டு நிக்கே?

மாரீஸ்வரி: பஸ்ஸு கெடைக்கணும்லா.

பிரம்மநாயகம்: கார்ப்பரேட்டர் அம்மா பஸ்ல போறாகளாம்! தாராவியே சிரிக்கும். புருசன் நான் எதுக்கு இருக்கேன்? பைக்ல கொண்டு விடுதேன், இரி.

மாரீஸ்வரி: சரி. அந்த ரிப்போட்ட எங்க வச்சீக?

பிரம்மநாயகம்: எந்த ரிப்போட்டு?

மாரீஸ்வரி: மாசா மாசம் கமிட்டிக்கு வருமே, வரவு செலவு. நீல அட்டை. நேத்து டிவி மேல வச்சிருந்தேன்.

பிரம்மநாயகம்: அதுவா... காலையில ரத்திவாலா தராசோட வந்தான்... பழைய பேப்பரோட பேப்பரா...

மாரீஸ்வரி: போட்டுட்டீகளா!

பிரம்மநாயகம்: போன மாசத்தையும் அப்படித்தான போட்டேன்? நீ ஒண்ணும் சொல்லலியே!

மாரீஸ்வரி: விடுங்க. எங்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு.

பிரம்மநாயகம்: ...இருக்கா?

மாரீஸ்வரி: பையில இருக்கு. ஏன் முழிக்கீக?

பிரம்மநாயகம்: யாரு முழிக்கா? அத எவன் படிக்கான்னு சொமந்துட்டுப் போறே? சேர்மன் "வாசிச்சதா வச்சுக்குவோமா"ம்பாரு. எல்லாரும் "மஞ்சூர், சம்மதம்"ன்னு கையத் தூக்குவாக. சமோசா வரும். தின்னுட்டு வா.

மாரீஸ்வரி: மூணு மாசமா நானும் கையத் தூக்கி, சமோசா தின்னுட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு வாசிக்கச் சொல்லப் போறேன்.

பிரம்மநாயகம்: என்னது!

மாரீஸ்வரி: ஒரே ஒரு மெம்பர் எந்திரிச்சு "வாசிங்க"ன்னா போதுமாம். சத்தமா வாசிச்சே ஆகணுமாம்.

பிரம்மநாயகம்: இத எவ ஒனக்கு ஓதினது?

மாரீஸ்வரி: அக்கவுண்ட்ஸ்ல ரஞ்சனான்னு ஒரு பிள்ள. மாட்டுங்காக்காரி, தமிழுதான். நம்ம ஊருப் பேச்சக் கேட்டுச் சிரிக்கும், ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லும்.

பிரம்மநாயகம்: அறுவது பக்கம்டி! வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஒன்ன அடிக்க வந்துருவாக.

மாரீஸ்வரி: அறுவதும் வேண்டாம். நாப்பத்தோராம் பக்கம் மட்டும் போதும்.

பிரம்மநாயகம்: ...அதுல என்ன?

மாரீஸ்வரி: நம்ம சால்ல, இந்த லைன் வீட்டுக்கெல்லாம் உள்ள பொதுக் கக்கூஸு. தெனமும் ரெண்டு டேங்கர் தண்ணி ஊத்துதாகளாம். மாசம் ஒரு லச்சத்து எம்பதாயிரமாம்.

பிரம்மநாயகம்: ஊத்துவான்... சில நாளு வந்திருக்க மாட்டான்...

மாரீஸ்வரி: ஒரு நாளும் வரல! நான் என்ன சீமையிலயா இருக்கேன்? அதே கக்கூஸுக்குத்தான வாளியத் தூக்கிட்டுப் போறேன்? சொர்ணம்மாக்கா வாளியோட வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கா. ஆஸியா மக ரோட்டத் தாண்டி அஞ்சு ரூவா குடுத்துப் போறா.

பிரம்மநாயகம்: பாவந்தான். அதுக்காக...

மாரீஸ்வரி: ஓட்டுக் கேக்கப் போன வீட்டுல எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. "கக்கூஸுல தண்ணி வருமா?" வரும்னு கையில அடிச்சுச் சொன்னேன். எனக்கு வயிறு எரியுது.

பிரம்மநாயகம்: சரி சரி, கத்தாத. நான் டேங்கர்காரங்கிட்ட பேசுதேன். நாளைக்கே வரும். போதுமா?

மாரீஸ்வரி: நீங்க சொன்னா வந்துருமா?

பிரம்மநாயகம்: ...தெரிஞ்ச பயதான்.

மாரீஸ்வரி: தெரிஞ்ச பயகிட்ட நேத்து வரைக்கும் ஏன் பேசல?

பிரம்மநாயகம்: நோண்டாதட்டி! அந்தக் காண்ட்ராக்ட் நீ செயிக்கதுக்கு முன்னாடி உள்ளது. அப்ப கார்ப்பரேட்டரே கெடையாது, கேக்க ஆளில்ல. இப்ப நீ கிளறினா ஒம்மேலதான் பாயும்.

மாரீஸ்வரி: எம்மேல எதுக்குப் பாயணும்?

பிரம்மநாயகம்: ...பொதுவாச் சொல்லுதேன்.

மாரீஸ்வரி: பொதுவா!

பிரம்மநாயகம்: பதவி போயிரும், மாரீ. தெருத் தெருவாக் கால் தேய நடந்து வாங்கின சீட்டு.

மாரீஸ்வரி: எங் காலுதான தேஞ்சுது?

பிரம்மநாயகம்: நான் நடக்கலியா? ராத்திரி பகலா போஸ்டர் ஒட்டலியா?

மாரீஸ்வரி: ஒட்டினீக. இல்லங்கல.

பிரம்மநாயகம்: அப்ப எம் பேச்சக் கேளு. இன்னைக்கு காய்ச்சல்னு போன் போட்டுச் சொல்லிரு. அடுத்த மாச ரிப்போட்டுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிருதேன். சத்தியமா.

மாரீஸ்வரி: எதச் சரி பண்ணுவீக? தண்ணியவா, பேரவா?

பிரம்மநாயகம்: ...என்ன பேரு?

மாரீஸ்வரி: பணம் வாங்குத கம்பெனி பேரு. மாரி வாட்டர் சர்வீஸ்.

பிரம்மநாயகம்: ஊருக்குள்ள எத்தனையோ மாரி...

மாரீஸ்வரி: நானும் அதத்தான் சொன்னேன். தாராவியில கல்ல விட்டெறிஞ்சா ஒரு மாரி மண்டையிலதான் விழும்னேன். ரஞ்சனா அதுக்குச் சிரிக்கவே இல்ல.

பிரம்மநாயகம்: அந்தப் பைய இப்படிக் குடு.

மாரீஸ்வரி: கைய எடுங்க.

பிரம்மநாயகம்: குடுங்கேன்ல!

மாரீஸ்வரி: எடுங்க கைய!

பிரம்மநாயகம்: ...கும்புடுதேன்ட்டி. பட்டறைய மூடிட்டானுவன்னு ஆறு மாசம் சும்மா ஒக்காந்திருந்தேன்லா... அப்ப ஒருத்தன் வந்தான். "பேருக்கு ஒரு கம்பெனி மட்டும் காட்டு, மாசம் இருவதாயிரம் தாரேன்"ன்னான். பிள்ளைக்கு பீஸ் கட்டணும். நீ எலக்சன்ல நிப்பேன்னு நான் கனவா கண்டேன்?

மாரீஸ்வரி: கோவண்டியில வாட்ச்மேன் வேலைன்னு சொன்னீகளே, அந்தச் சம்பளமா இது?

பிரம்மநாயகம்: ...ஆமா.

மாரீஸ்வரி: அதுல எனக்கு ஒரு சேலையும் எடுத்தீக.

பிரம்மநாயகம்: மாரீ...

மாரீஸ்வரி: அதத்தான் கட்டியிருக்கேன். பாத்தீகளா?

பிரம்மநாயகம்: என்னைய நாலு அடி அடிச்சிரு. அங்க மட்டும் வாசிக்கச் சொல்லாத. கம்பெனிய எம் பேர்ல போட முடியல, எனக்கு பேங்க் கடன் நின்னுது. அதனால ஒருத்தர் பேர்ல... வேண்டாம், அத நீ கேக்காத.

மாரீஸ்வரி: நான் கேக்கல.

பிரம்மநாயகம்: வாசிச்சா யாரு பேரு வெளிய வரும்னு ஒனக்குத் தெரியாதுட்டி!

மாரீஸ்வரி: தெரியும். ரஞ்சனா கம்பெனி பாரத்தையே எடுத்துக் காட்டிருச்சு. மேல பூரா இங்கிலீசு, அடியில மட்டும் தமிழு. ரேசன் கார்டுல பேரு மாத்தணும்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போனீகளே, அந்தக் கையெழுத்து. இன்னைக்கு வாசிச்சு முடிச்சதும், "அந்த மாரி நான்தான்"னு எந்திரிச்சு நிக்கப் போறேன். பதவி போனாப் போவுது, தண்ணி வரட்டும். பைக்ல கொண்டு விடுதேன்னீகள்லா... சாவிய எடுங்க.