நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி

கிட்ட வந்து ஒக்காருங்க தம்பி. இன்னும் கிட்ட. அங்க ஒக்காந்தா இந்த ரோட்டுச் சத்தத்துல நான் கத்தணும், என் தொண்டை தாங்காது. ஒத்தக் கால் ஷூவோட எங்க போயிடப் போறீங்க? பசை காய அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு மாட்டுனீங்கன்னா ரெண்டாவது ரவுண்டுலயே வாயப் பொளந்துரும், அப்புறம் ரிப்பேர்காரன் ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. ஒக்காருங்க. அந்தக் காதுல இருக்கறத மொதல்ல கழட்டுங்க. ரெண்டையும். ஆங்.

ஒங்க ஷூ எதனால போச்சு தெரியுமா? கல்லால இல்ல, மழையால இல்ல. பாட்டால போச்சு! சிரிக்காதீங்க. இங்க பாருங்க, கட்டைவிரலுக்குக் கீழ மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு, குதிகால் நேத்து வாங்குன மாதிரி இருக்கு. ஒங்க காலு ஒரு வேகத்துல போகலாம்ங்குது, பாட்டு இன்னொரு வேகத்துல போகுது, நீங்க நுனிக்கால்ல எட்டி எட்டி அதப் புடிக்கப் பாக்கறீங்க. கெளம்பிப்போன பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடுற ஆளு மாதிரி. அதுவும் தினமும்! வேணும்னே!

எத்தனைன்னு போட்டு வெச்சிருக்கீங்க பாட்ட? நிமிஷத்துக்கு நூத்தி அறுபது அடியா? ம்க்கும். நீங்க கேட்டுக்குள்ள நொழையறப்பவே கேட்டேன், அது நூத்தி முப்பதுக்குப் பொறந்த காலு. நான் பெருசா படிச்சவன் இல்ல தம்பி, பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா காலடிச் சத்தம் காதுல விழுந்தா போதும், தலை நிமிராமலே ஆளச் சொல்லிடுவேன். முப்பது வருஷமா இந்தப் பார்க் வாசல்ல தலையக் குனிஞ்சு ஒக்காந்திருக்கேன், வேற என்னத்தக் கேக்கறது?

அதோ, கிளிப்பச்சை பேண்ட்டு. பாட்டு வேகமானா பறக்கறாரு, பாட்டு முடிஞ்சா நட்ட நடுப் பாதையில நின்னு போனத் தடவறாரு. பின்னாடி வர்றவன் போய் முட்டுறான். அப்புறம் ஒரு ஹெட்மாஸ்டர் இருக்காரு. காதுல மாட்டுறதெல்லாம் அவருக்கு ஆவாது, போனக் கையில புடிச்சு ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சுக்கிட்டு ஓடுவாரு. போன வாரம் பாட்டு நடுவுல சோப்புத்தூள் விளம்பரம் வந்துருச்சு. மனுஷன் நிக்கவே இல்லையே! சோப்புத்தூளுக்கும் அதே வேகத்துல ஓடுறாரு! கறை போகும் கறை போகும்ங்குது, இவரும் போய்க்கிட்டே இருக்காரு.

அது என்ன கூத்து, மெதுவா நடக்க ஒரு பாட்டு, வேகமா நடக்க ஒண்ணு, ஓடுறதுக்கு ஒண்ணு, மூச்சு வாங்குனப்புறம் ஆத்திக்கறதுக்கு ஒண்ணு... ஏன், ஒங்க நெஞ்சு அடிக்கலயா? அது தாளம் இல்லையா? சும்மா அடிக்குதுன்னு மதிப்பு இல்ல அதுக்கு!

இதத்தான் என் வீட்டம்மாகிட்டயும் சொன்னேன். அதோ பாருங்க, ஊதாக் கலர் துப்பட்டா, மூணாவது பெஞ்சு தாண்டிப் போறா பாருங்க... அவதான். மூணாவது ரவுண்டு இது. பாக்க எப்படி இருக்கா? இருக்கட்டும், அவளுக்குச் சக்கரை. ஏறிப்போச்சு. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, தினம் முக்கா மணி நேரம் நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி வீதம் விடாம நடக்கணும், மூணு மாசத்துல எறங்கலேன்னா ஊசிதான், வாழ்நாள் பூரா ஊசிதான்னு. இவளுக்கு ஊசின்னா ஒடம்பு ஆடிப்போயிடும் தம்பி. நான் தோல் தைக்கற ஊசி டப்பாவையே துணி போட்டு மூடி வைக்கச் சொல்றவ. பொண்ணு பொறந்தப்போ ஊசியப் பாத்துட்டு நர்ஸம்மா கைய இவ திருகுன திருகுல, அந்தம்மா ஒரு வாரம் லீவு.

எங்க பொண்ணு ஒடனே போன்ல பாட்ட அடுக்கிக் குடுத்தா. அம்மா, இது நூறு அடிப் பாட்டு, இது நூத்திப் பத்து, இது நூத்தி இருபதுன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! முப்பது வருஷமா காலடி கேக்கற புருஷன் வாசல்லயே ஒக்காந்திருக்கேன், என் பொண்டாட்டி எவனோ பாடுற பாட்டுக்கு நடப்பாளா? நாள் பூரா கேலி பண்ணேன். "என்ன, ஊர்வலத்துக்குக் கெளம்பியாச்சா? முன்னாடி மேளம் இல்லையா?"ன்னு. பாவம், நாலாம் நாள் அவளே கழட்டி வெச்சுட்டா.

"சரி, நீங்களே நடக்க வைங்க"ன்னா.

வெச்சேனே! இதோ இந்த இரும்புக் கட்டை, இதோ சுத்தியல். டக்கு, டக்கு, டக்கு. நிமிஷத்துக்கு நூத்தி இருபது, ஒரு அடி கூடாது, ஒரு அடி கொறையாது. இந்தப் பார்க்குல எந்த மூலையில நின்னாலும் கேக்கும். நீ சுத்தியலக் கேட்டு நடன்னேன். இன்னொண்ணும் சொன்னேன்: சத்தம் இல்லாதப்போ உன் இஷ்டத்துக்கு நடக்காத, தாளம் கெட்டுப்போகும், அப்படியே நில்லு, நான் மறுபடி அடிச்சதும் கெளம்புன்னு. அவ சொன்ன பேச்சு கேக்கறவ.

மூணு மாசம். ஒரு நாள் விடல. டெஸ்ட்டு எடுத்தா... ஏறியிருக்கு!

ஏறியிருக்குங்க! நான் டாக்டரம்மாகிட்டயே சண்டைக்குப் போயிட்டேன். ஒங்க மெஷின மாத்துங்கன்னேன். வீட்டுக்கு வந்து இவளப் புடிச்சுக் கத்துனேன், திருட்டுத்தனமா என்ன திங்கறேன்னு. பொண்ணுதான் அம்மா போன எடுத்துப் பாத்தா. அதுல எத்தன அடி நடந்தாங்கன்னு கணக்கு விழுமாமே. அது எனக்கு எப்படித் தெரியும்? பாத்துட்டுச் சொல்றா, "அப்பா, முக்கா மணி நேரத்துல அம்மா நடந்தது பதினோரு நிமிஷம். மிச்சம் முப்பத்தி நாலு நிமிஷம் நின்னுட்டிருந்திருக்காங்க."

"ஏண்டி நின்ன?"ன்னேன்.

"நீங்க பேசிட்டிருந்தீங்க"ன்னா.

... என்ன பாக்கறீங்க? கஸ்டமர் வந்தா பேசாம இருக்க முடியுமா? ஒருத்தன் ஷூவக் குடுத்தா, அது எதனால போச்சுன்னு சொல்ல வேண்டாமா? பேசறப்போ கை நிக்கும். நிக்கத்தானே செய்யும்! அவ அந்த மூணாவது பெஞ்சுகிட்ட, தண்ணிக் கொழாய்கிட்ட, மரத்தடியிலன்னு, எங்க சத்தம் நின்னுச்சோ அங்கங்க சிலை மாதிரி நின்னிருக்கா. நான் நிமிந்து பாத்தேனா? பாக்கல. ஒரு தடவ பாத்தேன், யாரோடயோ வம்பளக்க நிக்கறான்னு நெனச்சேன். சரி விடுங்க. என் தப்புதான். போதுமா?

டாக்டரம்மா கடைசியா இன்னொரு மூணு மாசம் குடுத்தாங்க. அதுக்கு மேல பேச்சில்லன்னுட்டாங்க.

மறுநாளே இவ காதுல அந்தக் கருமத்த மறுபடி மாட்டிக்கிட்டா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது? தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டேன், காலடிய. அய்யோ தம்பி! எப்பவும் அவளுக்கு எடது கால் லேசா இழுக்கும், சரக்குனு ஒரு சத்தம் வரும். அது காணோம்! நூறு, நூத்திப் பத்து, நூத்தி இருபது... சில நேரம் நூத்தி இருபத்தஞ்சு! ரெண்டாவது மாசம் டாக்டரம்மா பாத்துட்டு, எறங்குதும்மா, இப்படியே போனா ஊசி வேணாம்னுட்டாங்க. எனக்கோ வயித்தெரிச்சல். எவன்டா அந்தப் பாட்டுக்காரன், என் பொண்டாட்டிய இந்த ஓட்டம் ஓட்டறவன்?

ஒரு நாள் தண்ணி குடிக்க வந்தவ, அதக் கழட்டி இந்தப் பொட்டி மேல வெச்சா. நான் நைசா ஒண்ண எடுத்துக் காதுல வெச்சேன்.

ஒரு ஆளு கத்திக்கிட்டிருக்கான். பாட்டு இல்ல, மேளம் இல்ல. மூச்சு விடாம யாரையோ திட்டறான். என்ன ஒரு கரகரத் தொண்டை, என்ன ஒரு கடுப்பு, யாருடா இந்தக் கிறுக்கன்னு கேட்டா... அட ச்சீ! நான்!

ஆத்தாளும் மகளும் சேந்து எனக்குத் தெரியாம என் பேச்சப் புடிச்சு வெச்சிருக்காளுங்க! புடிச்சதோட விட்டாளுங்களா? அடுக்கி வேற வெச்சிருக்காளுங்க! மொதல்ல வெயிலப் பத்தி நான் மொணங்கறது, அது நூறு. அப்புறம் கஸ்டமருங்களப் பத்தி, நூத்திப் பத்து. அப்புறம் அவ தம்பியப் பத்தி, அதான் என் மச்சானப் பத்தி நான் பேசறது, அது நூத்தி இருபத்தஞ்சாம்! கடைசியில ஆத்திக்கறதுக்கு என் முதுகு வலி.

ஏண்டி, ஊர்ல பாட்டே இல்லையான்னு கேட்டேன். கூசாம சொல்றா தம்பி, "பாட்டுன்னா நின்னு கேக்கத் தோணுதுங்க. உங்க பேச்சுன்னா தள்ளிப் போகத் தோணுது. காலு தானா போகுது."

எப்படி இருக்கும் எனக்கு? ரோஷம் இருக்கா இல்லையா? இனிமே நான் பேசுனா என்னன்னு கேளுன்னு வாயப் பூட்டிட்டேன். அஞ்சு நாள்! கஸ்டமருகிட்ட கை ஜாடைதான். வீட்லயும் தலையாட்டுறதோட சரி. கிளிப்பச்சை பேண்ட்டு வந்து ஒடம்பு சரியில்லையான்னு விசாரிச்சாருன்னா பாத்துக்கங்க.

ஆனா காது இருக்கே, அதப் பூட்ட முடியலயே. ரெண்டாம் நாள் நூத்திப் பத்துன்னு கேக்குது. மூணாம் நாள் நூறு. நாலாம் நாள் அந்த எடது கால் சரக்குனு மறுபடி இழுக்குது. பழைய பேச்செல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, அடுத்து நான் என்ன சொல்லுவேன்னு தெரியும், காலு எப்படிப் போகும்? டெஸ்ட்டுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. எனக்கு உள்ளுக்குள்ள பதறுது. அதுக்காகப் போய், இந்தாடி எடுத்துக்கோன்னு நானா வாயத் தொறக்கவா? என்னால ஆகாது தம்பி. ஆம்பளத் திமிருன்னு சொல்லிக்கங்க. வரல.

ஆறாம் நாள், அதான் நேத்து, வந்து இதோ நீங்க ஒக்காந்திருக்கற ஸ்டூல்ல ஒக்காந்தா. கைய மடியில வெச்சுக்கிட்டா. மொகத்துல ஒரு கள்ளம் கபடம் இல்ல.

"ஏங்க, என் தம்பி வர்றானாம். அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கறாங்களாம். ஒரு மாசம் நம்ம வீட்லதான்."

ஒரு மாசமா! போன தடவ ரெண்டு நாளுன்னு ஒத்தப் பையோட வந்தவன் நாலு மாசம் கழிச்சு மூணு பையோட போனான்! என் நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, ஆணி அடிக்கறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தர்றான்! எனக்கு! குளிச்சா ஒரு தொட்டித் தண்ணி, தூங்குனா கதவு அதிருது... பேசுனேன் தம்பி. அஞ்சு நாள் சேத்து வெச்சதெல்லாம் சேந்து வந்துச்சு. அவன் கல்யாணத்துல ஆரம்பிச்சு, அவன் மீசையில முடிச்சேன். கஸ்டமரு ரெண்டு பேரு நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. இவ குறுக்க ஒரு வார்த்த பேசணுமே? "ம்"ங்கறா. நான் மூச்சு வாங்க நிறுத்துனா, "அந்தக் கொடை விஷயம் விட்டுட்டீங்களே"ங்கறா. ஆமா, கொடை! மழைக்கு என்கிட்ட வாங்கிட்டுப் போய்த் தொலைச்சானே, அதையும் சொன்னேன்.

தொண்டை வத்திப்போய் தண்ணிக்குக் கைய நீட்டறேன், அப்பத்தான் பாக்கறேன். மடியில, கைக்கு அடியில, போனு. அதுல ஒரு செவப்புப் புள்ளி மினுக்கு மினுக்குன்னு எரியுது.

தம்பியாவது வர்றதாவது! வெள்ளையும் இல்ல, அடிக்கவும் இல்ல.

செவப்புப் புள்ளிய அணைச்சா. காதுல ரெண்டையும் மாட்டுனா. "இருபத்தெட்டு நிமிஷம் வந்திருக்குங்க, டெஸ்ட்டு வரைக்கும் தாங்கும்"னு சொல்லிட்டு, துப்பட்டாவ இடுப்புல சொருகிக்கிட்டு விறுவிறுன்னு நடக்க ஆரம்பிச்சுட்டா.