தேனை எதில் கலக்கினீர்கள் என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை எவ்தீமி அவர்களே, ப்ளோவ்திவ் நகரிலிருந்து வந்திருக்கும் ஆய்வுக்கூடத் தோழர்களே, பின்வரிசையில் இன்னும் பேச்சை நிறுத்தாத நம் ஊர்ப் பெண்களே, அனைவருக்கும் வணக்கம்.

மருந்தியல் பேராசிரியர் நெதெல்யா குர்தேவா அம்மையாரைப் பற்றி நாலு வார்த்தை பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவள் நான். தெரிந்ததெல்லாம் அடுப்படியில் நானாகப் படித்தது. அழுதுகொண்டே பேசப் போகிறேன் என்றுதான் வந்தேன். ஆனால் சற்றுமுன் இந்தப் படிப்பகத்தின் சமையலறையில் என்ன கண்டேன்? பெரிய பானை நிறையக் கந்தாரியோன் தேநீர். அந்த மஞ்சள் பூவைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் தொண்டை வற்றக் கத்தியவரின் இரங்கல் கூட்டத்தில்! யாரோ நீட்டியதை என்னவென்று கேளாமல் வாங்கி, அதில் ஒரு குவளை என் கணவர் ஹரலாம்பியின் கையில் வேறு. தங்கை தந்த சிறுநீரகத்தோடு ஒன்பது ஆண்டாக உயிர் வாழ்கிற மனிதர் அவர். பிடுங்கிக் கொட்டிவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். அழுகை எங்கே வரும்?

அந்தச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர் நாள் தவறாமல் மாத்திரை போடுகிறார். மூன்றாம் ஆண்டில் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பாதியாக விழுந்தது. மருத்துவர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடி விழுந்தது. மறுபடி கூட்டினார்கள். ஒழுங்காகப் போடுவதில்லை என்று அவரைத் திட்டினார்கள். நான் மட்டும் என்ன, விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தவள்தானே? சிறுநீரகம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். கொடுத்த தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அப்போதுதான் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பேராசிரியரை வீட்டுக்கு அழைத்து என் நோட்டைக் காட்டினேன். என் கணவர் குடித்த தண்ணீர், போன சிறுநீர், தின்ற உப்பு, எல்லாம் தேதிவாரியாக இருக்கும். வேறு மருந்து ஏதாவது உண்டா என்று எல்லா மருத்துவர்களும் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சிலுவை போட்டுச் சொல்லியிருந்தேன். பேராசிரியர் வேறு கேள்வி கேட்டார்.

"ஏம்மா ஸ்தோயனா, தினமும் சாயங்காலம் தேன் ரெண்டு கரண்டின்னு இருக்கே. அத எதுல கலக்குறீங்க?"

"டீயிலதான்."

"எந்த டீ?"

"கந்தாரியோன். அது மருந்து இல்லீங்களே. யோவான் திருநாளன்னைக்குப் பறிச்சு, கோயில்ல ஆசீர்வதிச்சு வாங்குனது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆசீர்வாதம் பூவுக்குத்தாம்மா. குடல் சுவருக்கு அது தெரியாதே."

கட்டிலில் கிடந்த என் கணவர் சும்மா இருந்தாரா? "உப்பக் கல்லுக் கல்லா எண்ணி எழுதுவா, டீய மட்டும் சாமி கணக்குல விட்டுட்டா," என்றார். அந்த ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

நம் குடல் சுவரில் காவல்காரர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவைத்தவர் யார்? பேராசிரியர் நெதெல்யா! வேண்டாத சரக்கு உள்ளே வந்தால் குடலுக்கே திருப்பித் தள்ளுவது அவர்கள் வேலை. கந்தாரியோன் குடிக்கக் குடிக்கக் காவல்காரர்கள் பெருகுகிறார்கள். மாத்திரையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். ஈரலும் மிச்ச மருந்தை வேகமாகக் கரைத்துவிடுகிறது. எலியின் குடலைக் காலுறை போல உள்வெளியாகத் திருப்பி, மருந்து எந்தப் பக்கம் போகிறது என்று அளந்து அளந்து கண்டறிந்ததை, மாவு பிசைந்த கையோடு நின்ற எனக்குச் சொன்னார்.

தேநீரை அந்த நிமிடமே தூக்கி எறியப் போனேன். அதற்கும் திட்டு. கூட்டிய மாத்திரை அப்படியே இருக்கத் தேநீரை மட்டும் நிறுத்தினால், காவல் குறையக் குறைய அதே மாத்திரை விஷமாக ஏறும் என்றார். அவரே மருத்துவமனைக்குப் பேசினார். நாள் விட்டு நாள் ரத்தம் பார்த்து, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சிறுநீரகம் பாதியாவது பிழைத்தது.

பாதிதான். மீதிப் பாதி என்னால் போனது. கேட்காதவர்களைக் குறை சொல்லவா, சொல்லாத என்னைச் சொல்லவா?

ஒவ்வொரு ஜூனிலும் கோயில் பெண்களான நம்மிடம் வந்து பேராசிரியர் கெஞ்சினாரே, கந்தாரியோன் செண்டு கொடுக்குமுன் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று கேளுங்கள் என்று. நாம் என்ன செய்தோம்? படிப்பு அதிகமாகி நம்பிக்கை போய்விட்டது என்றோம். ஊரில் இருந்த ஞாயிறு ஒன்றும் தவறாமல் நமக்குப் பக்கத்தில் நின்று மெழுகுவத்தி ஏற்றியவரைப் பார்த்து! என் வீட்டில் நடக்கும்வரை அந்தப் பேச்சில் என் குரலும் இருந்தது. இதைப் பாவ அறிக்கையில் தந்தையிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

இன்னும் நான்கு நாளில் யோவான் திருநாள். பனி காயுமுன் பறிப்போம், எப்போதும் போல. தந்தை ஆசீர்வதிப்பார். ஆனால் கோயில் வாசலில் நான் நிற்பேன். இதயத்துக்கு, ரத்தம் உறையாதிருக்க, மனச் சோர்வுக்கு, பிள்ளை தள்ளிப்போட, எதற்கு மாத்திரை போட்டாலும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் செண்டு வாங்க வேண்டும். தெரியாவிட்டால் டப்பாவைக் கொண்டுவாருங்கள். ஆய்வுக்கூடத் தோழர்கள் இருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குடிக்கக் கூடாதவர்கள் செண்டை வீட்டுக் கதவில் மாட்டிக்கொள்ளலாம். கதவுக்குக் குடல் இல்லை. என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். அவர் இத்தனை ஆண்டு வாங்கியதில் என் பங்கு அது.

ஆண்டவரே, உம் மகள் நெதெல்யாவை இளைப்பாற விடும். அவருக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. எங்களை மட்டும் இப்போதைக்குச் சும்மா விடாதேயும்.