நீலக் கோடு இட்டவருக்கும் கழுகைப் பறக்கவிட்டவருக்கும் ஒரே மடல்

கோடு கிழித்துக் குணம் வளர்த்த கோமகளே! வெள்ளைச் சுவரை வெறுஞ்சுவர் என்று எண்ணியிருந்த எங்கள் விழிகளுக்கு வெளிச்சம் தந்த வித்தகரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் தூரிகை பிடித்து, முதலில் எங்களைத் தெளிய வைத்து, புறப்படும் வேளையில் திரும்பவும் குழப்பிவிட்ட ஓவிய ஆசிரியை திருமதி முத்தாயம்மாள் அவர்களே! வணங்கி விடைகொடுக்கிறோம்.

நம் பள்ளியின் மரபு உங்களுக்குத் தெரியாததல்ல. ஓய்வு பெறுவோருக்கு மடல் எழுதுவது தமிழாசிரியர் சந்திரசேகர். அதன் ஓரத்தில் கொடியும் பூவும் வரைவது நீங்கள். சட்டமிட்டுக் கண்ணாடி போடுவது சேந்தமங்கலத்துக் கடை. இதுவரை பத்தொன்பது பேர் மடல் வாங்கிப் போயிருக்கிறார்கள். பத்தொன்பதும் ஒரே மடல்தான். பெயரையும் பாடத்தையும் மாற்றுவதற்குள் சந்திரசேகரின் கற்பனை களைத்துவிடும். உடற்கல்வி ஆசிரியர் மணியன் ஓய்வு பெற்றபோது, முந்தைய ஆண்டு கணக்கு ஆசிரியருக்கு எழுதிய 'சமன்பாட்டுச் சமுத்திரமே' அப்படியே நின்றுவிட்டது. அரங்கமே கைதட்டியது. மணியன் கண்கலங்கினார். நீங்கள் மட்டும் ஓரத்துக் கொடியில் ஒரு பூவுக்குப் பதிலாகச் சமக்குறி வரைந்து வைத்தீர்கள். கண்ணாடி போட்டு வந்த பிறகுதான் சந்திரசேகர் அதைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் அன்று முழுவதும் உங்கள் பக்கமே வரவில்லை.

ஆகவே, உங்களுக்கு அந்தப் பழைய மடலை வாசிக்க முடியாது. ஒவ்வொரு வரியும் உங்களுக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கூட்ட அரங்கின் பெரிய சுவர் உங்கள் கைக்கு வந்தது. தாமரை வரும், அன்னம் வரும், போனால் போகிறது ஒரு புறாவாவது வரும் என்று பள்ளியே காத்திருந்தது. நீங்கள் சுவர் முழுவதும் வெள்ளையடித்து, இடமிருந்து வலமாக ஒரே ஒரு நீலக் கோடு இழுத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனீர்கள்.

"ஏனுங்க டீச்சர், இது எப்பங்க முடியும்?" என்று கேட்டார் அன்றைய தலைமையாசிரியர்.

"முடிஞ்சு போச்சுங்க."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இதுதானுங்க நவீன ஓவியம். வேண்டாததையெல்லாம் எடுத்துப்போட்டா வேணுங்கறது மட்டும் நிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் கோடு கோடுதானுங்க" என்றீர்கள்.

எல்லோரும் வாய்பொத்திச் சிரித்தோம். சிரிக்காதவர் சந்திரசேகர் ஒருவர்தான். அடுக்குமொழியில் பிறந்து அடைமொழியில் வளர்ந்த அந்த மனிதர், வீட்டுக்குப் போய் இரவெல்லாம் புரண்டு படுத்தார். மறுநாள் முதல் அந்தக் கோட்டுக்கு வக்கீலானார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "பெயின்ட் பத்தலைங்களா?" என்று கேட்டபோது முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்லி, அவரைச் சாப்பிடவிடாமல் அனுப்பினார். மனைவி கந்தம்மாள் மறைந்த ஆண்டில், காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அந்தச் சுவரைப் பார்த்தபடி நிற்பார். பார்க்கப் பார்க்க நெஞ்சு அடங்கும் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அப்படிப்பட்ட சுவரில்தான் சென்ற ஜூன் மாதம் கழுகு வந்து இறங்கியது.

அதற்குக் காரணம், உங்கள் கோட்டைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு வெண்ணிலா கேட்ட கேள்வி: "டீச்சர், எங்கப்பா லாரிக்குப் பின்னால கழுகு வரைஞ்சிருக்குதுங்க. அது வேண்டாததுங்களா?"

இரண்டு நாள் நீங்கள் அந்தச் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தீர்கள். மூன்றாம் நாள் தூரிகைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றீர்கள். கழுகு வந்தது. கோழிப்பண்ணை வந்தது. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. செல்போனில் கண்ணீர்விட்டுச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட அரசர் ஒருவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிமேல் செங்கோலோடு அமர்ந்தார்.

ஆங்கில ஆசிரியை நர்மதா, இதற்குப் பெயர் பின்நவீனத்துவம் என்று கண்டுபிடித்து வந்தார்.

"நவீனம்னா புதுசு. புதுசுக்குப் பொறகு என்னங்க வரும்?" என்றார் இயற்பியல் பிரபாகர்.

"பழசும் புதுசும் ஒண்ணா வருமாமுங்க. எது ஒசத்தி, எது மட்டம்னு கிடையாதாம். இதுதான் உண்மைன்னு ஒத்தை உண்மையும் கிடையாதாம்."

"அப்ப நீங்க சொல்றது உண்மைங்களா?"

நர்மதா தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். இன்றுவரை எங்களுக்கு அது விளங்கவில்லை என்பதை இந்த மேடையில் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

சந்திரசேகருக்கு வந்தது குழப்பம் மட்டுமல்ல, வலி. உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இருபத்தாறு வருஷமா உங்க கோட்டுக்கு வக்காலத்து வாங்கினேனுங்க டீச்சர். அது பொய்யா?"

"பொய்யில்லீங்க தமிழய்யா. வேண்டாததை எடுக்கோணும்னு சொன்னேன். யாருக்கு வேண்டாததுன்னு அன்னிக்கு நான் கேக்கலைங்க."

"அப்ப நான் நம்புனது?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அவர் திரும்பி நடந்தார். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என மூன்று தேர்வுகள் முடிந்தும் அவர் உங்களோடு பேசவில்லை. எதிரெதிர் மேசை, இடையில் சுண்ணக்கட்டிப் பெட்டி கைமாறுவதற்கும் பிரபாகர் தேவைப்பட்டார்.

போன வாரம் இந்த மடலை எழுத உட்கார்ந்தவருக்கு ஒரு வரியும் ஓடவில்லை. எழுந்து அரங்குக்குப் போனார். தம் கோட்டைத் தேடினார். பாதிக்குமேல் மறைந்திருந்தது. மிச்சக் கோட்டின்மேல் யாரோ வரிசையாகக் கோழிகளை உட்கார வைத்திருந்தார்கள். கோழிகளைத் திட்டிக்கொண்டே எண்ணினார். பக்கத்திலிருந்த அரசரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தம்மேலேயே கோபம் வந்தது. கோடு சரியா, கோழி சரியா என்று அவரால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. உங்களோடு பேசாமல் இருந்தது தவறு என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை.

அன்பின் அருவியே! அறிந்ததை அழுத்திச் சொன்ன துணிவே! அறியாததைச் சிறுமியிடம் கற்ற பணிவே! முழங்கால் நோகாமல், கண் மங்காமல், போகிற ஊரிலெல்லாம் சுவர் வாய்த்து, நூறைத் தாண்டியும் எங்களைப் போன்றவர்களைக் குழப்பிக்கொண்டு நீங்கள் நலமாக இருக்க வேண்டும்!

ஒன்று மிச்சமிருக்கிறது. இந்த மடலின் ஓரத்தில் கொடியில்லை, பூவில்லை. சந்திரசேகர் தம் கையால் இட்ட நீலக் கோடு ஒன்று மட்டும் இருக்கிறது. அளவுகோல் வைத்துப் போட்டும் கோணிவிட்டது. அதற்கு மேலும் கீழும் வெற்றிடம். சட்டத்துக்குக் கண்ணாடி வேண்டாமென்று கடையில் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். உங்கள் தூரிகையையும் கழுவி மேடையில் வைத்திருக்கிறார்.

ஆசிரியர் குழுவின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதை வாசிப்பவரும் அவரே. பத்து மாதங்களுக்குப் பிறகு உங்களிடம் அவர் பேசும் முதல் பேச்சு இது. இனி அவருடைய சொந்தக் குரலில் ஒரே ஒரு கேள்வி:

"ஏனுங்க டீச்சர், இது எப்பங்க முடியும்?"

பதிலுக்குக் காத்திருக்கும்,
தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்,
ஒன்பதாம் வகுப்பு வெண்ணிலாவும்.